பிள்ளைகள் வெளிநாட்டு மொழி கற்கத் தமிழே ஏணி: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், பிரெஞ்சு தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. "உனக்கு என்ன வயது?" என்று பிரெஞ்சில் கேட்டேன். "ழெ ஸ்வி ஓன்ஸ்" என்றான். "ஐ ஆம் லெவன்" என்ற ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தான். பிரெஞ்சில் அது பிழை. நான் திருத்தவில்லை. "இதையே தமிழில் சொல்லு பார்க்கலாம்" என்றேன்.

"எனக்குப் பதினோரு வயது."

"அப்படியென்றால் நீதான் பதினொன்றா, இல்லை பதினோரு வயது உன்னிடம் இருக்கிறதா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்கிட்ட இருக்கு" என்றான். பிரெஞ்சிலும் அப்படித்தான்: "ழே ஓன்ஸ் ஆன்", என்னிடம் பதினோரு ஆண்டுகள் உள்ளன. பசியும் அதே போலத்தான். "எனக்குப் பசி" என்பது "என்னிடம் பசி இருக்கிறது" என்று ஆகும். அந்தப் பையன் அதற்குப் பிறகு இந்த இரண்டிலும் தடுமாறவே இல்லை.

சென்னையில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். நான் கண்டதில் மிகப் பெரிய தடை பிள்ளைகளின் மூளையிலோ பாடப் புத்தகத்திலோ இல்லை. வெளிநாட்டு மொழியை ஆங்கிலத்தின் வழியாக மட்டுமே படிக்க வேண்டும் என்று நாம் வைத்திருக்கும் பழக்கம்தான் தடை. தமிழ் பேசும் பிள்ளையிடம் பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் ஜப்பானியத்துக்கும் தேவையான பாதிச் சாமான் ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்தும் வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: எந்த மொழி என்று முடிவு செய்யுங்கள்

மதிப்பெண்ணுக்காக மொழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிளஸ் ஒன்னில் "பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம்" என்று சேர்ந்து, இரண்டு வருடம் கேள்வி பதிலை மனப்பாடம் செய்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, கடைசியில் தன் பெயரைக்கூடப் பிரெஞ்சில் சரியாகச் சொல்லத் தெரியாமல் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மூன்று கேள்விகள் போதும். பிள்ளைக்கு அந்த மொழியில் ஏதாவது பிடிக்குமா? ஜப்பானியக் கார்ட்டூனோ கொரியப் பாட்டோ கால்பந்தோ எதுவாக இருந்தாலும் சரி. அந்த மொழியைப் பேசும் ஓர் ஆசிரியர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா? நான்கைந்து ஆண்டு தொடர முடியுமா? சென்னையில் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் ஃபிரான்சேஸ், ஜெர்மனுக்கு கெத்தே நிலையம், ஜப்பானியத்துக்கு ஏ.பி.கே. ஏ.ஓ.டி.எஸ். தோசொகாய், கொரியத்துக்கு இன்கோ மையம் இருக்கின்றன. புதுச்சேரியில் பிரெஞ்சுக்கு வேறு விளக்கமே வேண்டாம். 1826-ல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் அங்கே நடக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் கொரிய, ஜப்பானிய நிறுவனங்கள் வந்த பிறகு அந்த மொழிகளைத் தேடி வரும் குடும்பங்களும் கூடியிருக்கின்றன.

பள்ளி விதிகளையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. எந்த வகுப்பில் எந்த மொழி எடுக்கலாம், நடுவில் மாற்றலாமா என்பது வாரியத்துக்கு வாரியம் வேறுபடும், அவ்வப்போது மாறவும் செய்யும். தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: விடாதீர்கள். ஏன் என்பது ஐந்தாம் படியில் புரியும்.

படி 2: வயதைப் பற்றிய பயத்தை விடுங்கள்

"அஞ்சு வயசுக்குள்ள ஆரம்பிக்கலேன்னா அவ்வளவுதானாமே?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. இதில் பாதிதான் உண்மை.

உண்மையான பாதி ஒலிகளைப் பற்றியது. பிறந்து ஆறு மாதக் குழந்தை உலகத்தின் எந்த மொழி ஒலியையும் பிரித்துக் கேட்கும். ஒரு வயதை நெருங்கும்போது, வீட்டில் கேட்காத ஒலிகளைப் பிரிக்கும் திறன் குறையத் தொடங்குகிறது. பாட்ரீசியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழியில் விளையாட ஆட்களை அனுப்பியது. பன்னிரண்டு முறை விளையாடிய பிறகு அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்துக் கேட்டன. அதே ஆட்களை வீடியோவில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. 2003-ல் வெளிவந்த ஆய்வு இது. கைக்குழந்தைக்கு வெளிநாட்டு மொழி வீடியோ போட்டுவிட்டு அது கற்றுக்கொள்ளும் என்று நினைக்கும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எதிரே ஓர் ஆள் வேண்டும்.

மற்ற பாதி பள்ளியைப் பற்றியது. ஸ்பெயினின் பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸ் தலைமையில் நடந்த ஆய்வில், எட்டு வயதில் ஆங்கிலம் தொடங்கிய பிள்ளைகளையும் பதினோரு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரே அளவு மணி நேரம் படித்த பிறகு பார்த்தால், பிந்தித் தொடங்கியவர்களே முன்னால் இருந்தார்கள். காரணம் எளிது. சின்னப் பிள்ளை மொழியைக் காதால் உறிஞ்சுகிறது. அதற்கு நாள் முழுக்க மொழி சுற்றிலும் ஓட வேண்டும். வாரத்துக்கு இரண்டு பீரியடில் அது நடக்காது. பதினோரு வயதுப் பிள்ளைக்கு விதியைச் சொன்னால் புரியும், எழுதிவைத்துப் படிக்கத் தெரியும், தன் மொழியோடு ஒப்பிடத் தெரியும்.

இலக்கணத்தை உள்வாங்கும் திறன் எந்த வயதில் குறைகிறது என்று சுமார் 6,70,000 பேரிடம் இணைய வழியில் சோதித்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. அதன் கணக்குப்படி அந்தத் திறன் ஏறக்குறைய 17 வயது வரை நன்றாகவே இருக்கிறது.

ஆகவே வீட்டில் யாராவது அந்த மொழியைப் பேசுபவராக இருந்தால் பிறந்த நாளிலிருந்தே பேசட்டும். அப்படி யாரும் இல்லையென்றால் ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்பில் நிதானமாகத் தொடங்கலாம். எட்டாம் வகுப்பில் தொடங்கினாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

படி 3: மணிக்கணக்கைப் போடுங்கள்

வாரத்துக்கு இரண்டு பீரியட், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம், ஆண்டுக்கு 35 வாரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,800 நிமிடம், அதாவது 47 மணி நேரத்துக்கும் குறைவு. பிரெஞ்சில் முதல் நிலையான ஏ1-ஐ எட்டப் பொதுவாக 60 முதல் 100 மணி நேரம் என்று கணக்கிடுகிறார்கள். பள்ளியை மட்டும் நம்பினால் அந்த முதல் படிக்கே இரண்டு வருடம் போய்விடும். அதுவும் தேர்வு, விளையாட்டு விழா, ஆண்டு விழா என்று ஒரு பீரியடும் போகாமல் இருந்தால்தான்.

வீட்டில் தினமும் இருபது நிமிடம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 100 மணி நேரம். பள்ளி தருவதைப் போல இரண்டு மடங்கு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதைவிடத் தினமும் இருபது நிமிடம் நல்லது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்ததுதான் நினைவில் தங்கும்.

படி 4: முதல் மூன்று மாதம் காதும் வாயும் மட்டும்

இந்த இடத்தில்தான் பெரும்பாலான வகுப்புகள் சறுக்குகின்றன. முதல் நாளே நோட்டைத் திறந்து, கரும்பலகையில் உள்ள சொல்லை எழுதி, அதன் அடியில் உச்சரிப்பைத் தமிழிலோ ஆங்கில எழுத்திலோ குறித்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். பிரெஞ்சில் தெருவுக்கு ஒரு சொல், சக்கரத்துக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் "ரூ" என்றுதான் எழுத முடியும். ஒலி இரண்டும் வேறு. சக்கரத்துக்கு நம் "ஊ" அப்படியே போதும். தெருவுக்கு நாக்கை "ஈ" சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் "ஊ" போலக் குவிக்க வேண்டும். பிள்ளைகளைக் கண்ணாடி முன் நிறுத்தி "ஈ… ஈ…" என்று சொல்லச் சொல்லி, நடுவில் உதட்டைக் குவிக்கச் சொல்லுங்கள். இரண்டே நிமிடத்தில் வந்துவிடும். ஜெர்மனிலும் இந்த ஒலி உண்டு.

அடுத்தது ப. பிரெஞ்சில் மீனையும் குடிக்கும் பானத்தையும் குறிக்கும் சொற்களுக்கு முதல் ஒலி மட்டும்தான் வித்தியாசம். தமிழ் எழுத்தில் அது தெரியாது. ஆனால் பிள்ளையின் வாயில் இரண்டும் இருக்கின்றன: பசுவில் வரும் ப ஒன்று, பஸ்ஸில் வரும் ப இன்னொன்று. டீயில் வரும் ட, டீசலில் வரும் ட. கேக்கில் வரும் க, கேட்டில் வரும் க. மீன் என்றால் "பசு ப", பானம் என்றால் "பஸ் ப" என்று சொன்னால் முடிந்தது. ஒலியியல் சொல் எதுவும் வேண்டாம்.

பிரெஞ்சின் மூக்கொலியைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பேச்சுத் தமிழில் "பாலம்", "மரம்" என்று சொல்லும்போது கடைசி ம்-ஐ நாம் உதடு மூடிச் சொல்வதில்லை. ஓகாரம் போன்ற ஓர் ஒலி மூக்கு வழியாக வந்து முடிகிறது. "நான்", "வந்தான்" என்பதில் கடைசி ன்-உம் அப்படித்தான். பிரெஞ்சில் பாலத்துக்குச் சொல் "போன்". அதன் முடிவு ஏறக்குறைய நாம் பேச்சில் "பாலம்" என்று முடிக்கும் ஒலியேதான். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் மாதக்கணக்கில் பழகும் ஒலி இது. எங்கள் வகுப்பில் "அம்மாவிடம் பேசுகிற மாதிரி மரம் என்று சொல்லு" என்று தொடங்கினால் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஜப்பானியத்தில் குறில் நெடில் பிசகினால் பொருளே மாறும். "ஒபஸன்" என்றால் அத்தை, "ஒபாஸன்" என்றால் பாட்டி. படு, பாடு என்று பழகிய காதுக்கு இது விளையாட்டு. ஒற்று இரட்டிப்பதும் அப்படியே: "ஒதொ" ஒலி, "ஒத்தொ" கணவன். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ஒற்றை வல்லினம் நம் வாயில் தானாகவே மென்மையாகிவிடும். "அது" என்பதில் வரும் து போல. ஜப்பானியத்தில் அது கடினமாகவே இருக்க வேண்டும். இதை முதல் மாதத்திலேயே கவனிக்காவிட்டால் பிறகு திருத்துவது கஷ்டம்.

இன்னொன்று. பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது "ழான்", "ழாக்" என்று ழகரம் போடுவது வழக்கம். எழுதுவதற்கு அழகான ஏற்பாடு. ஆனால் அந்த ஒலி "வாழை"யில் வரும் ழ அல்ல. பிள்ளைக்கு அதைக் காதால் கேட்கவைத்துத்தான் சொல்லித்தர வேண்டும்.

மூன்று மாதம் இப்படிப் போனால் பிள்ளைக்கு எழுத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பெற்றோர் நோட்டைப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே நடத்தலையே" என்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: இலக்கணத்தைத் தமிழ் வழியாகக் காட்டுங்கள்

பிரெஞ்சில் "தூ", "வூ" என்று முன்னிலையில் இரண்டு உண்டு. ஜெர்மனில் "டு", "ஸீ". ஆங்கிலத்தில் எல்லாருக்கும் "யூ" ஒன்றுதான் என்பதால் ஆங்கில வழிப் புத்தகங்கள் இதற்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதுகின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு "நீ", "நீங்கள்" என்று இரண்டே சொல் போதும். வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறுவதும் அப்படித்தான். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம், பேசுகிறீர்கள் என்று நாள் முழுக்க மாற்றிப் பேசும் பிள்ளைக்குப் பிரெஞ்சு வினை அட்டவணை புதிய யோசனை இல்லை.

ஜெர்மன் என்றதும் வேற்றுமை என்று மிரட்டுவார்கள். ஜெர்மனில் இருப்பது நான்கு. நம் பிள்ளை பள்ளியிலேயே எட்டு வேற்றுமை படித்துவிடுகிறது. "நாய்" என்பது "டேர் ஹுண்ட்", "நாயை" என்பது "டேன் ஹுண்ட்". நாம் சொல்லின் கடைசியில் ஐ போடுகிறோம், அவர்கள் முன்னால் நிற்கும் சுட்டுச்சொல்லை மாற்றுகிறார்கள். நான்காம் வேற்றுமை இன்னும் நெருக்கம். "எனக்குக் குளிர்கிறது" என்பதற்கு ஜெர்மனில் "மிர் இஸ்ட் கால்ட்". "மிர்" என்றால் எனக்கு. "நான் குளிராக இருக்கிறேன்" என்று ஆங்கில வழியில் போனால் பொருளே வேறாகிவிடும். "எனக்குப் பிடித்திருக்கிறது" என்பதிலும் அதே "மிர்" வருகிறது. "ஏனென்றால்" என்று தொடங்கும் பகுதியில் ஜெர்மன் வினை கடைசிக்குப் போய்விடும். தமிழ் வாக்கியத்தில் வினை எப்போதும் அங்கேதானே இருக்கிறது!

ஜப்பானியத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. என் அண்ணன் மகள் ஏழாம் வகுப்பில் அதைத் தொடங்கினாள். அவளோடு உட்கார்ந்து நானும் கொஞ்சம் கற்றேன். அவர்களின் உயிரெழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ. நம் குறில் ஐந்தும் அதே ஒழுங்கில். அந்த வரிசையே புத்தத் துறவிகள் வழியாகப் போன இந்திய எழுத்துக் கல்வியின் தாக்கத்தில் அமைந்தது. சுட்டுச் சொற்களில் மூன்று தூரம் உண்டு: "கொரெ" இது, "அரெ" அது, கேட்பவர் பக்கம் இருப்பது "ஸொரெ". யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அதுவும் தெரியும். அங்கே "உது" இன்னும் பேச்சில் இருக்கிறது. "நானும்" என்பதில் உள்ள உம் போல "மொ" வரும். கேள்வி கேட்க வாக்கியத்தின் கடைசியில் நாம் ஆ சேர்ப்பதுபோல "கா" சேர்ப்பார்கள்.

வினையெச்சம்தான் உச்சம். "தபெதெ" என்றால் சாப்பிட்டு. "தபெதெ மிமஸ்" என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன். நாம் "செய்து பார்" என்று சொல்வதில் பார்ப்பது எதுவும் இல்லையே, முயன்று பார்ப்பதுதானே? ஜப்பானியத்திலும் அதே வினை, அதே பொருள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் சொல்வது "இத்தெ கிமஸ்". சொல்லுக்குச் சொல், போய்விட்டு வருகிறேன். அண்ணன் மகள் முதல் முறை இதைக் கேட்டுவிட்டு ஓடிப்போய்ப் பாட்டியிடம் சொன்னாள். பாட்டி "நம்ம ஊர்ப் பழக்கம்" என்றார். அன்றிலிருந்து பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள் "இத்தெ கிமஸ்" என்பாள்.

இதற்கெல்லாம் பிள்ளைக்குத் தமிழ் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். வேற்றுமை, எச்சம், குறில், நெடில் என்ற சொற்களைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிட்ட பிள்ளைக்கு இந்த ஏணி இல்லை. தமிழை விடாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். புதிய மொழியில் ஒரு விதி வரும்போதெல்லாம் "இதையே நம்ம பேச்சில் எப்படிச் சொல்வோம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். உங்களுக்கு அந்த மொழி ஒரு சொல்கூடத் தெரிய வேண்டியதில்லை.

தமிழ் கைகொடுக்காத இடமும் இருக்கிறது. பிரெஞ்சில் நாற்காலி பெண்பால், ஜெர்மனில் சிறுமியைக் குறிக்கும் ஒரு சொல் அஃறிணை போல நடுப்பால். உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்துப் பிரிக்கும் நமக்கு இது ஒட்டவே ஒட்டாது. குறுக்குவழி கிடையாது, பெயர்ச்சொல்லை முன்னால் வரும் சுட்டுச்சொல்லோடு சேர்த்தே எப்போதும் சொல்லவும் எழுதவும் வேண்டும். ஆண்பாலுக்கு நீல மை, பெண்பாலுக்குச் சிவப்பு மை, நடுப்பாலுக்குப் பச்சை மை என்று வைத்துக்கொண்ட பிள்ளைகள் கொஞ்சம் சீக்கிரம் பழகுகிறார்கள்.

படி 6: தினமும் இருபது நிமிடத்தில் என்ன செய்வது

ஐந்து நிமிடம் பழைய சொற்கள். பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய முறை இன்றும் நன்றாக வேலை செய்கிறது. ஒரு காலணிப் பெட்டியில் ஐந்து தடுப்பு. சொல் அட்டைகள் முதல் தடுப்பில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த தடுப்புக்குப் போகும், தவறினால் முதலுக்கே திரும்பும். முதல் தடுப்பைத் தினமும், மற்றவற்றை மேலும் மேலும் இடைவெளி விட்டுப் பாருங்கள். அட்டையின் பின்பக்கம் ஆங்கிலப் பொருள் வேண்டாம். படம் வரையலாம், அல்லது தமிழில் எழுதலாம். ஒரு நாளைக்குப் புதிதாக ஐந்து சொல்லுக்கு மேல் சேர்க்காதீர்கள்.

பத்து நிமிடம் கேட்பதும் கூடவே சொல்வதும். இரண்டு நிமிட உரையாடல் ஒன்றை எடுத்து ஒரு வாரம் முழுக்க அதையே கேட்கலாம். முதல் நாள் வெறும் இரைச்சலாக இருந்தது வெள்ளிக்கிழமை தனித்தனிச் சொல்லாகக் கேட்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். மீதி ஐந்து நிமிடம் வாசிப்பு: நிலைக்கேற்ப எளிமையாக்கிய சின்னக் கதை, பக்கத்துக்கு இரண்டு மூன்று தெரியாத சொல்லுக்கு மேல் இல்லாதது.

கைப்பேசிச் செயலிகள் சொல் பழக உதவும். பேச உதவாது. வாரத்துக்கு ஒரு முறையாவது எதிரே ஓர் ஆள் இருக்கட்டும்; ஆசிரியராக இருக்கலாம், அதே வகுப்புத் தோழனாகவும் இருக்கலாம்.

படி 7: வகுப்பை எப்படிப் பார்ப்பது

வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் "இன்னிக்கு நீ எத்தனை முறை பேசின?" என்று கேளுங்கள். தொடர்ந்து "பேசவே இல்லை" என்றே பதில் வந்தால் ஆசிரியரிடம் மரியாதையாகப் பேசுங்கள். நாற்பது பேர் வகுப்பில் ஆசிரியரின் கஷ்டம் எனக்குத் தெரியும். இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டால் அங்கேயும் முடியும். பிழையைப் பார்த்து வகுப்பே சிரிக்கும் இடத்தில் மட்டும் பிள்ளையை வைக்காதீர்கள். நன்றாகப் படிக்கும் ஒரு பெண் ஒரு சிரிப்புக்குப் பயந்து ஒரு வருடம் வாய் திறக்காமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

படி 8: வெளித் தேர்வு

ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலை. பிரெஞ்சில் சின்னப் பிள்ளைகளுக்கு டெல்ஃப் பிரிம், அதற்கு மேல் டெல்ஃப் ஜூனியர். ஜெர்மனில் ஏ1-க்கும் ஏ2-க்கும் ஃபிட் இன் டாய்ச். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கையும் இவை சோதிக்கும். ஜப்பானியத்துக்கு என்5 முதல் என்1 வரை ஐந்து நிலையுள்ள ஜே.எல்.பி.டி. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. அதில் பேச்சுத் தேர்வு இல்லை. என்4 சான்றிதழ் வைத்திருந்தும் பேசத் தயங்குகிறவர்கள் இருப்பது இதனால்தான். பேச்சுப் பயிற்சியை நீங்கள்தான் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர் "தயார்" என்று சொன்ன பிறகு எழுதினால் போதும்.

படி 9: பத்தாம் வகுப்பு வரும்போது

நான்கு வருட உழைப்பு பெரும்பாலும் இங்கேதான் வீணாகிறது. ஒன்பதாம் வகுப்பு பாதியிலேயே "போர்டு எக்ஸாம் வருது" என்று மொழி வகுப்பை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் வகுப்பை நிறுத்துங்கள், காதை நிறுத்தாதீர்கள். பள்ளி வேனில் போகும் பத்து நிமிடம் பழைய உரையாடல்களை மறுபடி கேட்கட்டும். காலணிப் பெட்டியின் கடைசி இரண்டு தடுப்பை மாதம் ஒரு முறை புரட்டட்டும். தேர்வு முடிந்த ஏப்ரலில், முன்பு படித்து முடித்த கதைப் புத்தகம் ஒன்றையே திரும்பக் கொடுங்கள். புதியதைக் கொடுத்தால் எல்லாம் மறந்துவிட்டது என்று சோர்ந்துபோவார்கள். பழைய கதையின் மூன்றாம் பக்கம் வரும்போது சொற்கள் திரும்பி வரத் தொடங்கும், ஜூனில் மறுபடி வகுப்பில் சேர்த்துவிடலாம்.